மூன்றாவது வரி

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியில் இருக்கிறது இண்டூர். அந்த ஊரிலும் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலும் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி, கடையில் விலை பேசி வாங்கியது அல்ல. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு, பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்த அரசு மடிக்கணினிதான் அது. 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கிய திட்டம். அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் தமிழ்நாடு முழுக்க சுமார் 50 லட்சம் மாணவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த மடிக்கணினிகளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஓட்டுக்காகக் கொடுத்தது என்றார்கள் சிலர். சினிமா பார்க்கத்தான் பயன்பட்டது என்றார்கள் சிலர். பாதி வீடுகளில் விற்றுவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு வேறு ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு பிள்ளையாவது முழுதாகத் தெரிந்துகொள்ள வழி இருந்ததா?

இல்லை. இருந்திருக்கலாம். இனிமேலும் செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

இரண்டு வரிகள்

அந்த மடிக்கணினிகளில் பலவற்றை ஆன் செய்ததும் திரையில் ஒரு பட்டியல் வரும். ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ். அம்புக்குறியை அழுத்தி எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்திய இயங்குதளம். முதல் பதிப்பு 2007-ல் வந்தது.

பெரும்பாலான பிள்ளைகள் முதல் வரியைத்தான் அழுத்தினார்கள். அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. பிரவுசிங் சென்டரில் பார்த்தது விண்டோஸ், பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தெரிந்தது விண்டோஸ். இரண்டாவது வரியை அழுத்தியவர்களுக்குக் கிடைத்ததும் பயன்படுத்துவதற்கான ஒரு இயங்குதளம்தான். படிப்பதற்கானது அல்ல.

"லினக்ஸ் திறந்த மூலம்தானே, யார் வேண்டுமானாலும் அதன் நிரலைப் படிக்கலாமே?" என்று கேட்கலாம். படிக்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் இன்றைய லினக்ஸ் கெர்னலில் 3 கோடி வரிகளுக்கு மேல் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஆயிரம் வரி படித்தாலும் 80 வருஷம் தாண்டிவிடும். கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப முடிவது வேறு.

இந்தச் சிக்கலுக்கு உலகம் ஏற்கெனவே ஒரு விடை கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அதன் பெயர் பாட இயங்குதளம்.

படிப்பதற்கென்றே ஒரு இயங்குதளம்

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் இருந்தார். யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் நிரலை, சுமார் 9,000 வரிகள், அப்படியே அச்சடித்து மாணவர்களுக்குக் கொடுத்தார். கூடவே வரிக்கு வரி விளக்கவுரையும் எழுதினார். 1977 வாக்கில் அது புத்தக வடிவம் பெற்றது. நம் ஊரில் குறளுக்கு உரை எழுதுவது மாதிரிதான், மூலமும் உரையும் பக்கத்தில் பக்கத்தில். ஆனால் யுனிக்ஸின் அடுத்த பதிப்பு வந்தபோது, நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக்கூடாது என்று உரிமத்தில் தடை வந்துவிட்டது. லயன்ஸின் புத்தகம் பல ஆண்டுகள் ஜெராக்ஸ் பிரதிகளாகவே உலகம் சுற்றியது. முறைப்படி அச்சில் வந்தது 1996-ல்தான்.

அந்தத் தடையால் கடுப்பான இன்னொரு ஆசிரியர் ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஆண்ட்ரூ டனன்பாம். யுனிக்ஸின் ஒரு வரியைக்கூட எடுக்காமல், யுனிக்ஸ் மாதிரியே நடந்துகொள்ளும் ஒரு சின்ன இயங்குதளத்தை அவரே எழுதி 1987-ல் பாடப்புத்தகத்தோடு வெளியிட்டார். அதுதான் மினிக்ஸ். நான்கு வருஷம் கழித்து, பின்லாந்தில் ஒரு கல்லூரி மாணவர் வீட்டுக்கு ஒரு 386 கணினி வாங்கி, அதில் மினிக்ஸைப் போட்டு நோண்டிக்கொண்டிருந்தார். அவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991-ல் அவர் எழுத ஆரம்பித்ததுதான் லினக்ஸ். இண்டூர் மடிக்கணினியின் இரண்டாவது வரிக்கும் ஒரு பாட இயங்குதளத்துக்கும் உள்ள உறவு அது. வீட்டில் ஒரு கணினி, அதில் படிக்கக்கூடிய அளவில் ஒரு இயங்குதளம், அதை உடைத்துப் பார்க்க நேரம். இந்த மூன்றும் ஒருவருக்குக் கிடைத்தது.

இன்று உலகம் முழுக்க வகுப்பறைகளில் அதிகம் பயன்படும் பாட இயங்குதளங்களில் ஒன்று எக்ஸ்வி6. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாசசூசெட்ஸ்!) 2006-ல் தொடங்கியது. லயன்ஸ் பாடம் நடத்திய அதே யுனிக்ஸ் ஆறாம் பதிப்பை, இன்றைய சி மொழியில், நமக்குப் பழக்கமான இன்டெல் வகைக் கணினிகளுக்காகத் திரும்ப எழுதினார்கள். மொத்தம் 10,000 வரிகளுக்குள் அடங்கிவிடும். இலவசம். மாற்றலாம், நகல் எடுக்கலாம், கொடுக்கலாம்.

இந்தியாவிலும் முயற்சி இல்லாமல் இல்லை. கோழிக்கோடு என்.ஐ.டி.யில் எக்ஸ்பாஸ் என்ற திட்டம் இருக்கிறது. மாணவர்கள் படிப்படியாக ஒரு இயங்குதளத்தைத் தாங்களே எழுதுகிறார்கள். அருமையான திட்டம். ஆனால் அது ஓடுவது நிஜக் கணினியில் அல்ல, பாடத்துக்காகவே மென்பொருளில் உருவாக்கிய ஒரு கற்பனைக் கணினியில். எக்ஸ்வி6-ஐயும் பெரும்பாலான கல்லூரிகளில் போலிக் கணினியான எமுலேட்டரில்தான் ஓட்டுகிறார்கள்.

வாதம் ஆரம்பிக்கும் இடம் இதுதான். எமுலேட்டரில் ஓட்டுவது போதாது. வீட்டில் இருக்கும் அந்த மடிக்கணினியில் ஓட வேண்டும்.

அட்டாரியில் நடந்த கதை

ஒரு கணினிக்காக எழுதிய இயங்குதளத்தை இன்னொரு கணினிக்குக் கொண்டுபோவதை போர்ட் செய்வது என்பார்கள். வெறும் காப்பி, பேஸ்ட் என்று தோன்றலாம். அது என்ன வேலை என்பதற்கு மினிக்ஸே நல்ல உதாரணம்.

மினிக்ஸ் முதலில் ஐ.பி.எம். பி.சி.க்காக எழுதப்பட்டது. அப்போது ஐரோப்பாவில் பல வீடுகளில் இருந்தது அட்டாரி எஸ்.டி. என்ற வீட்டுக் கணினி. 1985-ல் வந்தது, உள்ளே மோட்டோரோலா 68000 சில்லு. மினிக்ஸை அதற்குக் கொண்டுபோனபோது ஒரு இடத்தில் முட்டியது.

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஃபோர்க் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் தன்னைப் போலவே இன்னொரு நகலை உண்டாக்கும். நகலுக்கும் அசலுக்கும் நினைவக முகவரிகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பி.சி.யில் இது எளிது. நிரலுக்கே தெரியாமல் அதை நினைவகத்தின் வேறு பகுதிக்கு மாற்றி வைக்க அந்தச் சில்லில் வசதி இருந்தது. 68000 சில்லில் அந்த வசதி இல்லை. 5,000-வது முகவரி என்றால் அது நிஜமாகவே 5,000-வது முகவரி. இரண்டு பேருக்கும் ஒரே இடம் வேண்டும், இடமோ ஒன்றுதான்.

தருமபுரி மாவட்டத்திலிருந்து ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களுக்கு இதன் தீர்வு சொல்லாமலே புரியும். ஒரே அறை, ஒரே பாய். பகல் ஷிஃப்ட்காரர் வேலைக்குப் போனதும் இரவு ஷிஃப்ட்காரர் அதில் படுப்பார். அவர் எழுந்து போனதும் இவர். அட்டாரி மினிக்ஸும் அதைத்தான் செய்தது. அசல் ஓடும்போது நகலை எடுத்து ஓரமாக வைத்தது. நகலின் முறை வந்ததும் அசலை ஓரம் கட்டிவிட்டு நகலை அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தது. மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் ஓடியது.

இதில் கவனிக்க வேண்டியது தீர்வைக்கூட அல்ல. பி.சி.யில் மட்டும் மினிக்ஸைப் படித்த மாணவருக்கு, "முகவரியை மாற்றி வைக்க சில்லு உதவுகிறது" என்ற விஷயம் கண்ணிலேயே பட்டிருக்காது. அது அங்கே காற்று மாதிரி இருந்தது. வேறு கணினிக்குப் போனபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது. போர்ட் செய்யும்போது உடைகிற ஒவ்வொரு இடமும், முதலில் எழுதியவர் சொல்லாமல் விட்ட ஒரு அனுமானத்தைக் காட்டிக் கொடுக்கிறது. எமுலேட்டரில் எதுவும் உடையாது. அதனால் இந்தப் பாடமும் கிடைக்காது.

இண்டூர் மடிக்கணினியில் என்ன நடக்கும்?

எக்ஸ்வி6-ஐ ஒரு பென்டிரைவில் எழுதி, 2012 காலத்து மடிக்கணினி ஒன்றில் செருகி ஆன் செய்வதாக வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் எதுவும் வராது. ஏன்?

கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடுவது பயாஸ். அது பென்டிரைவின் முதல் 512 பைட்டுகளை எடுத்து நினைவகத்தில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த 512 பைட்டுக்குள் இருக்கும் குட்டி நிரல்தான் மீதி எக்ஸ்வி6-ஐ எடுத்து வர வேண்டும். அது எங்கே போய் எடுக்கும்? பென்டிரைவில் அல்ல! பழைய ஐ.டி.இ. வகை வன்தட்டுக்கான கதவு எண்கள் அதில் நேரடியாக எழுதப்பட்டிருக்கின்றன. அது நேராக வன்தட்டின் கதவைத் தட்டும். தலை பென்டிரைவிலிருந்து வந்தது, உடலைத் தேடுவதோ வன்தட்டில். அங்கே எக்ஸ்வி6 இல்லை. அங்கேயே நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை, கணினி எப்படி உயிர் பெறுகிறது என்பதை இனி எந்தக் காலத்திலும் மறக்காது. 2018-ல் வந்த பதினோராம் வகுப்புப் பாடநூலில் இயங்குதளம் பற்றிப் பாடம் இருக்கிறது. வகைகளை வரிசையாகச் சொல்லி, விண்டோஸிலும் உபுண்டுவிலும் கோப்புறை உருவாக்குவது, பெயர் மாற்றுவது வரை கற்றுத் தருகிறது. தேவையான பாடம்தான். ஆனால் அது ஓட்டுநர் இருக்கைப் பாடம். பானட்டைத் திறக்கும் பாடம் அதில் இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வரலாம். பென்டிரைவ் வேலை செய்யாவிட்டால் என்ன, வழி அந்த மடிக்கணினியிலேயே இருக்கிறது. ஆன் செய்ததும் வரும் அந்த இரண்டு வரிப் பட்டியலைக் காட்டுவது கிரப் என்ற நிரல், லினக்ஸோடு வருவது. எக்ஸ்வி6-ன் கெர்னலில் கிரப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரு தலைப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. கெர்னல் கோப்பை லினக்ஸ் பகுதியில் ஒரு இடத்தில் போட்டுவிட்டு, கிரப் பட்டியலில் மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தால் போதும். எடுத்துவரும் வேலையை கிரப் பார்த்துக்கொள்ளும்.

"வன்தட்டில் இருக்கும் அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அழிந்துபோனால்?" நியாயமான பயம். அதற்கும் எக்ஸ்வி6 எழுதியவர்களே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கோப்புகளை வன்தட்டில் வைக்காமல், நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும் ஒரு கெர்னல் வடிவம் இருக்கிறது. நிஜக் கணினியில் பயமில்லாமல் சோதித்துப் பார்ப்பதற்காகவே வைத்தது. வன்தட்டை அது தொடவே தொடாது.

இன்னொரு வேடிக்கை. இந்த வேலைக்குப் புதிய மடிக்கணினியைவிடப் பழையதே நல்லது. புதியவற்றில் பயாஸ் போய் யு.இ.எஃப்.ஐ. வந்துவிட்டது, எக்ஸ்வி6 நம்பியிருக்கும் பழைய எழுத்துத் திரையும் பலவற்றில் கிடையாது. பழைய மடிக்கணினியில் அது உண்டு. அதன் விசைப்பலகை உள்ளுக்குள் இன்னமும் அந்தக் காலத்து பி.சி. விசைப்பலகை போலவே பேசும். எத்தனை புராசசர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எக்ஸ்வி6 தேடும் பழைய அட்டவணை சில மாடல்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இல்லாவிட்டால் அந்த இடத்தில் நிரலைத் திருத்த வேண்டும். அதுதான் அந்தப் பிள்ளையின் முதல் போர்ட்.

90 ரூபாய் ஆசிரியர்

காமர்ஸ் படிப்பவர்களுக்குப் பழக்கமான ஒரு கணக்கு. வருமான வரிச் சட்டப்படி கணினிக்கு ஆண்டுத் தேய்மானம் 40 சதவீதம், குறைந்து செல் மதிப்பு முறையில். 15,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு மடிக்கணினி என்று வைத்துக்கொண்டால், பத்து ஆண்டு முடிவில் ஏட்டில் அதன் மதிப்பு சுமார் 90 ரூபாய். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 அந்தப் பழைய பெட்டிகளை ஏற்காது. ஏட்டின்படியும் மைக்ரோசாஃப்ட்டின்படியும் அது செத்த சொத்து. பீரோ மேல் தூசி படிந்து கிடக்கிறது.

எக்ஸ்வி6-க்கு அந்தப் பெட்டி அரண்மனை. அது பயன்படுத்திக்கொள்வது வெறும் 224 மெகாபைட் நினைவகம். ஒரே நேரத்தில் 64 நிரல்கள் வரை ஓட்டும். ஒரு கோப்பின் உச்ச அளவு 70 கிலோபைட். ஒரு செல்போன் போட்டோகூட அதில் அடங்காது! பயன்படுத்துவதற்கு உதவாது, படிப்பதற்கு இதைவிட வசதி கிடையாது. எல்லாமே கைக்குள் அடங்குகிற அளவு.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது, அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு இயங்குதளத்தை நிஜக் கணினிகளுக்குக் கொண்டுபோவதில் பெரிய தலைவலியே ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு மாதிரி இருப்பதுதான். அட்டாரி மாதிரியான வீட்டுக் கணினிகளில் அந்தத் தொல்லை கம்மி, எல்லா வீட்டிலும் ஒரே பெட்டி. அரசு மடிக்கணினியும் அப்படியே. ஒரு ஆண்டில் ஒரு நிறுவனம் கொடுத்த ஒரு மாடல் ஆயிரக்கணக்கான வீடுகளில் அச்சு அசலாக ஒன்றே. இண்டூரில் ஒரு மாணவி ஒரு மாடலில் ஓட வைத்துவிட்டால், அதே மாடல் வைத்திருக்கும் அரியலூர் மாணவனுக்கும் அது ஓடும். உழைப்புச் செலவு ஒருமுறை, நகலுக்குச் செலவு பூஜ்யம். மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியதில் இப்படி ஒரு லாபம் ஒளிந்திருப்பதை டெண்டர் போட்டவர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.

குறிப்பேடும் பேரேடும்

இதெல்லாம் கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைகளுக்குத்தானே என்றால், இல்லை. ஒரு உதாரணம்.

நினைவகத்தில் மட்டும் கோப்புகளை வைத்திருக்கும் அந்த வடிவத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. பழைய பேட்டரி, தாங்காது. திரும்ப ஆன் செய்தால் எழுதி வைத்தது எல்லாம் போயிருக்கும். அப்போதுதான் வன்தட்டு எதற்கு என்பது உறைக்கும். சரி, வன்தட்டில் எழுதலாம் என்று அடுத்த படிக்குப் போனால் அதைவிடப் பெரிய சிக்கல். ஒரு கோப்பை எழுதுவது என்பது வன்தட்டில் நான்கைந்து இடங்களில் எழுதுவது. இரண்டு இடத்தில் எழுதி முடித்து மூன்றாவதில் கரண்ட் போனால்? பற்று வைத்தாயிற்று, வரவு வைக்கவில்லை. கணக்கு இடிக்கும்.

எக்ஸ்வி6 இதற்கு என்ன செய்கிறது தெரியுமா? எதையும் நேரடியாகப் பேரேட்டில் எழுதாது. முதலில் தனியாக ஒரு குறிப்பேட்டில் எல்லா மாற்றங்களையும் எழுதும். எல்லாம் எழுதி முடித்ததும் குறிப்பேட்டின் தலைப்பில் "இது முழுமையான பதிவு" என்று ஒரு முத்திரை. அதன் பிறகுதான் ஒவ்வொன்றையும் உரிய இடத்துக்கு எடுத்து எழுதும். முத்திரைக்கு முன்னால் கரண்ட் போனால் அந்தப் பதிவே நடக்காத மாதிரி. பின்னால் போனால், திரும்ப ஆன் ஆகும்போது குறிப்பேட்டைப் பார்த்து மறுபடி எடுத்து எழுதிவிடும். பாதி நிலை என்று ஒன்று கிடையாது.

குறிப்பேட்டில் பதிந்து பேரேட்டுக்கு எடுத்து எழுதுவது, பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் மூன்றாவது நான்காவது பாடம். அதே யோசனைதான் வங்கி சர்வர்களுக்குள்ளும் வேறு பெயரில் ஓடுகிறது. எக்ஸ்வி6-ல் இதற்கான நிரல் சில நூறு வரிகள், அவ்வளவுதான். காமர்ஸ் பிள்ளை படித்தால் இன்னும் சீக்கிரம் புரியும்.

"இதனால் வேலை கிடைக்குமா?"

இண்டூர் மாதிரி ஊர்களில் இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் படிக்கும் பிள்ளையிடம் "ஆர்வத்துக்காகப் படி" என்று சொல்வது வயிறு நிறைந்தவர்கள் பேச்சு. நேர்மையாகச் சொன்னால், எக்ஸ்வி6 தெரியும் என்பதற்காக யாரும் நாளைக்கே வேலை கொடுக்கப் போவதில்லை. டேலியும் எக்செலும் தெரிந்தால் அதைவிடச் சீக்கிரம் வேலை கிடைக்கும்.

ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஓசூரில் டி.வி.எஸ். தொழிற்சாலை, ஏத்தர் தொழிற்சாலை. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக். பக்கத்து மாவட்டம்தான். மின்சார ஸ்கூட்டர் என்பது பாதி வண்டி, பாதி கணினி. பேட்டரியைக் கவனிக்க ஒன்று, மோட்டாரை ஓட்ட ஒன்று, திரைக்கு ஒன்று என்று சின்னச் சின்னச் சில்லுகள். அவற்றில் ஓடும் மென்பொருளை எழுதும் வேலை, ஒரு புதிய சில்லில் ஒரு சிறிய இயங்குதளத்தை உட்காரவைக்கும் வேலையோடு நெருங்கிய உறவுடையது. பழைய தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் இந்தத் தொழிற்சாலைகளின் அசெம்பிளி லைனுக்குப் போகிறார்கள். உள்ளே ஓடும் நிரலை எழுதுகிற மேசைக்கும் அவர்கள் போக வேண்டாமா? அந்த மேசைக்கான பயிற்சி பெரிய ஊர்களின் பெரிய கல்லூரிகளில் மட்டும் கிடைக்கும் என்பதுதான் இன்றைய நிலை. பயிற்சிக்கு வேண்டிய இயந்திரம் மட்டும் இங்கே பீரோ மேல் கிடக்கிறது.

"எம்.ஐ.டி.யே 2019-ல் எக்ஸ்வி6-ஐ ரிஸ்க்-வி சில்லுக்கு மாற்றிவிட்டது, பழைய இன்டெல் வடிவத்தை இப்போது யாரும் பராமரிப்பதில்லையே?" என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் பழைய வடிவத்தின் நிரல் இன்றும் அப்படியே கிடைக்கிறது. பாடப்புத்தகம் மாறிக்கொண்டே இராமல் நிலையாக இருப்பது ஒரு விதத்தில் நல்லதும்கூட. அதோடு, சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி சில்லும் ரிஸ்க்-வி வகைதான், 2018-ல் அதில் லினக்ஸ் ஓடியது. பழைய மடிக்கணினியில் கை பழகிய ஒரு பிள்ளைக்கு அடுத்த படி அதுவாக இருக்கலாம். முதல் படியே இல்லாமல் அடுத்த படியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

என்ன செய்ய வேண்டும்?

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம். மூன்றே காரியங்கள்.

ஒன்று, உரை. எக்ஸ்வி6-க்கு எம்.ஐ.டி. ஆசிரியர்கள் எழுதிய சிறு புத்தகம் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில். இண்டூர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு சி மொழியைவிட அந்த ஆங்கிலம்தான் பெரிய சுவர். லயன்ஸ் செய்தது மாதிரி தமிழில் ஒரு வரிக்கு வரி உரை வேண்டும். கணியம் போன்ற முயற்சிகள் லினக்ஸ், மைசீக்வல் என்று "எளிய தமிழில்" புத்தகங்கள் போட்டு இலவசமாகக் கொடுத்திருக்கின்றன. தமிழில் முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. 10,000 வரிக்கு உரை எழுதுவது நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு வருஷ வேலை.

இரண்டு, பட்டியல். அரசு மடிக்கணினி ஒவ்வொரு மாடலிலும் உள்ளே என்னென்ன சில்லுகள் இருக்கின்றன என்ற விவரத்தை எல்காட் வெளியிட வேண்டும். டெண்டரில் "2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வன்தட்டு" என்கிற அளவில் எழுதுவது வாங்குவதற்குப் போதும். போர்ட் செய்ய எந்த நிறுவனத்தின் எந்தச் சில்லு என்று தெரிய வேண்டும். மக்கள் பணத்தில் வாங்கியது, இதைச் சொல்வதில் என்ன இரகசியம்?

மூன்று, அந்த மூன்றாவது வரி. 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அரசு அறிவித்தது. இடையில் நின்றுபோன திட்டத்துக்கு மறுபடி உயிர். புதிய பெட்டிகளில் எக்ஸ்வி6 நேரடியாக ஓடாது, வேலை இருக்கிறது. அந்த வேலையை ஏதாவது ஒரு அரசுப் பொறியியல் கல்லூரியின் இறுதி ஆண்டு மாணவர்களுக்கு புராஜெக்டாகக் கொடுக்கலாமே. ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கி பைண்ட் போட்டு அலமாரியில் வைக்கும் புராஜெக்டுகளில் இரண்டு குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இதைச் செய்தால் 50 லட்சம் பேரும் கெர்னல் எழுதிவிடுவார்களா? மாட்டார்கள். 50 லட்சத்தில் 500 பேர் அந்த மூன்றாவது வரியை என்ன ஏது என்று அழுத்திப் பார்க்கலாம். அதில் 50 பேர் நிரலைத் திறக்கலாம். ஐந்து பேர் எதையாவது உடைத்துத் திரும்பச் சரி செய்யலாம். அந்த ஐந்து பேரில் ஒருத்தி இண்டூரிலிருந்து வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. 1991-ல் மினிக்ஸைப் போட்டவர்கள் எத்தனையோ பேர், அதைத் தாண்டி லினக்ஸை எழுதியது ஒருவர்தான்.

எக்ஸ்வி6 சரியாக ஓடிவிட்டால் படம், இசை, வரவேற்பு எதுவும் இருக்காது. கறுப்புத் திரையில் இரண்டு மூன்று வரிகள் ஓடி, கடைசியில் ஒரு டாலர் குறி வந்து நிற்கும். "சொல், என்ன செய்ய?" என்று அர்த்தம். விண்டோஸும் பாஸும் அந்த இடத்துக்கு வருவதற்குள் என்ன செய்தன என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. இந்த டாலர் குறி எப்படி வந்தது என்பதை மட்டும், ஆன் செய்த நொடியிலிருந்து வரி வரியாக, ஒரு பிளஸ் டூ பிள்ளையால் சொல்ல முடியும்.

அரசாங்கம் கணினியைக் கொடுத்தது, நல்லது. அதன் சாவியையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்பது பேராசை அல்ல.